பச்சைக்குத் திரும்பாத பயம்

இந்த வாரம் ஐந்து கலர்களில் ஆரம்பிப்போம். பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு.

கல்ச்சுரல்ஸ் மேடைக்குத் தோரணம் கட்டப் போகிறோம் என்று நினைத்தால், ஸாரி. இது பயத்தை அளக்கிற ஸ்கேல். ஒரு நாட்டு மக்கள் இன்றைக்கு எவ்வளவு பயப்பட வேண்டும் என்று அரசாங்கமே கலர் கலராகப் போட்டுக் கொடுத்த அட்டவணை.

நாடு, அமெரிக்கா. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்து ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில் இதை அறிமுகப்படுத்தினார் டாம் ரிட்ஜ். அதிபர் புஷ்ஷின் உள்நாட்டுப் பாதுகாப்பு விவகாரங்களைக் கவனித்துக்கொண்டவர். பச்சை என்றால் தீவிரவாதத் தாக்குதல் ஆபத்து குறைவு. நீலம் என்றால் கொஞ்சம் கவனம். மஞ்சள், கணிசமான ஆபத்து. ஆரஞ்சு, அதிக ஆபத்து. சிவப்பு, உச்சம்.

நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். டிராஃபிக் சிக்னல் மாதிரி எல்லோருக்கும் புரியும். ஆனால் ஒரு சின்ன வித்தியாசம். ஆரம்பித்த நாளே மஞ்சள். அதற்குப் பிறகு சில முறை ஆரஞ்சுக்கு ஏறியது, மறுபடி மஞ்சளுக்கு இறங்கியது. 2006 ஆகஸ்டில் பிரிட்டனிலிருந்து வரும் விமானங்களுக்கு மட்டும் சிவப்பு. 2011-ல் இந்த அட்டவணையை மூட்டை கட்டும்வரை, நாடு முழுமைக்குமான அளவு நீலத்துக்கு ஒருமுறையாவது இறங்கியதா? ம்ஹூம். பச்சை? பேச்சுக்கே இடமில்லை.

பச்சையே விழாத சிக்னலில் ஒன்பது வருஷம் வண்டியை ஆஃப் பண்ணாமல் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

இப்போது நம்ம ஊர் புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாம்பன், நாகை, கடலூர் துறைமுகங்களில் ஏற்றுவார்களே, அதேதான். 1-லிருந்து 11 வரை எண்கள். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கூடவே வானிலை மைய அறிக்கை வரும். புயல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எப்போது கரையைக் கடக்கலாம். அதைக் கேட்டு மீனவர் கடலுக்குப் போகாமல் இருப்பார், படகை இழுத்துக் கட்டுவார். புயல் போனதும் கூண்டை இறக்கிவிடுவார்கள். இறக்காவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆக, உருப்படியான எச்சரிக்கைக்கு மூன்று லட்சணம். என்ன ஆபத்து என்று சொல்ல வேண்டும். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். முடிந்ததும் இறங்க வேண்டும்.

அமெரிக்கக் கலர் அட்டவணையை இதில் உரசிப் பாருங்கள். "இன்றைக்கு ஆரஞ்சு." சரிங்க, எங்கே? தெரியாது. எப்போது? தெரியாது. நான் என்ன செய்யட்டும்? விழிப்பாக இரு. ஆனால் வழக்கம்போல ஷாப்பிங் போ, வேலைக்குப் போ. என்னதான் செய்வான் ஒரு சாதாரண மனிதன்?

2003 பிப்ரவரியில் அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். 7-ம் தேதி அளவு ஆரஞ்சுக்கு ஏறியது. 10-ம் தேதி, ரசாயனத் தாக்குதல் வந்தால் ஜன்னலை அடைக்க வீட்டில் பிளாஸ்டிக் ஷீட்டும் டக்ட் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள் என்றது அரசாங்கம். டக்ட் டேப் என்றால் பைப் ஒழுகினால் சுற்றுவார்களே, அந்த அகல டேப். அவ்வளவுதான், கடைகளில் டேப் காலி. கடைசியில் டாம் ரிட்ஜே வந்து, "இப்போதே யாரும் ஜன்னலை ஒட்ட வேண்டாம்" என்று சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் அந்த மக்களைக் கேலி செய்ய முடியாது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கண்ணெதிரே 2,977 பேர் செத்திருக்கிறார்கள். அடுத்த சில வாரங்களில் தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் பொடியால் ஐந்து பேர் இறந்தார்கள். ஆபத்து நிஜம், பயமும் நிஜம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும் என்றால், அது இதுதான்: பயத்தை அரசியலுக்குப் பயன்படுத்த, பயத்தை உற்பத்தி செய்ய வேண்டிய அவசியம்கூட இல்லை. நிஜமாக வந்த பயத்தை இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதனால் என்ன லாபம் என்கிறீர்களா? நம்பரைப் பாருங்கள். தாக்குதலுக்கு முந்தைய நாள்வரை எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் புஷ்ஷுக்கு ஆதரவு 51 சதவீதம். அதே மாதம் 21, 22 தேதிகளில் எடுத்தபோது 90 சதவீதம். இரண்டு வாரத்தில் அவர் திடீரென்று நல்ல நிர்வாகியாகிவிடவில்லை. நெருக்கடி வந்தால் ஜனங்கள் தலைவர் பின்னால் திரள்வார்கள், அது மனித சுபாவம். ஜான் முல்லர் என்கிற அரசியல் அறிஞர் 1970-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த ராப் வில்லர் இன்னும் ஒரு படி மேலே போனார். 2001 பிப்ரவரியிலிருந்து 2004 மே வரை அரசாங்கம் விட்ட 26 தீவிரவாத எச்சரிக்கைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு புஷ்ஷின் செல்வாக்கு என்ன ஆனது என்று கணக்குப் போட்டார். சராசரியாக ஒரு எச்சரிக்கைக்கு 2.75 புள்ளி ஏற்றம். இன்னொரு வேடிக்கை, பொருளாதாரத்தை அவர் கையாளும் விதத்துக்கான ஆதரவும் சேர்ந்து ஏறியது. குண்டுவெடிப்பு எச்சரிக்கைக்கும் பொருளாதாரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. பயந்திருக்கும்போது நாம் தனித்தனியாக மார்க் போடுவதில்லை, மொத்தமாக ஒரே மார்க் போட்டுவிடுகிறோம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எச்சரிக்கை விட்டால் செல்வாக்கு ஏறும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. ஏறுவதற்காகத்தான் விட்டார்கள் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் சந்தேகம் வரத்தான் செய்தது.

2004 அதிபர் தேர்தல் வருஷம். ஜூலை 29-ம் தேதி எதிர்க்கட்சி வேட்பாளர் ஜான் கெர்ரி பாஸ்டன் மாநாட்டில் வேட்புமனுவை ஏற்றுப் பேசினார். ஆகஸ்ட் 1-ம் தேதி நியூயார்க், வாஷிங்டன் நிதி நிறுவனங்களுக்கு ஆரஞ்சு. பாகிஸ்தானில் சிக்கிய கம்ப்யூட்டர் தகவல்கள்தான் காரணம் என்றார்கள். அந்தத் தகவல்களில் பெரும்பாலானவை மூன்று நான்கு வருஷம் பழையவை என்பது அடுத்த ஓரிரு நாளில் தெரிந்தது. அதே வருஷம் தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு பின்லேடனின் வீடியோ ஒன்று வந்தது. அப்போது கலரை ஏற்றச் சொல்லி இரண்டு மூத்த அமைச்சர்கள் வற்புறுத்தியதாகவும், இது பாதுகாப்பா அரசியலா என்று தனக்கே கேள்வி எழுந்ததாகவும் டாம் ரிட்ஜ் 2009-ல் தன் புத்தகத்தில் எழுதினார். ஏற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் மறுத்தார்கள், ரிட்ஜும் பின்னர் சுருதியைக் குறைத்துக்கொண்டார். ஆனால் அட்டவணையை அறிமுகப்படுத்தியவருக்கே அந்தக் கேள்வி வந்தது என்றால், நமக்கு வரக் கூடாதா?

சரி, செல்வாக்கு ஏறி இறங்குவது அவர்கள் பாடு. நமக்குக் கவலை தரவேண்டியது, பயம் ஏறியிருக்கும் நேரத்தில் வேறு என்னென்ன நடக்கிறது என்பதுதான்.

முதலாவது, பயத்தின் விலாசம் மாறும். தாக்கியது அல்கொய்தா. ஆனால் 2002 செப்டம்பரிலிருந்து பேச்சு முழுக்க இராக். அணுகுண்டு காளான் மேகமாக எழும்பிய பிறகுதான் ஆதாரம் கிடைக்கும் என்றால் அதுவரை காத்திருக்க முடியாது என்கிற பாணியில் பேசினார் பாதுகாப்பு ஆலோசகர் கண்டலீசா ரைஸ். அக்டோபரில் போருக்கான தீர்மானம் கீழவையில் 296-133, செனட்டில் 77-23 என்று நிறைவேறியது. 2003 மார்ச்சில் படை இறங்கியது. அந்த ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கணிப்பில் 69 சதவீதம் பேர், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாம் உசேனுக்குப் பங்கிருக்கலாம் என்று நம்பினார்கள். அதற்கு ஆதாரம் இல்லை என்று செப்டம்பரில் புஷ்ஷே சொன்னார். அணு ஆயுதம், ரசாயன ஆயுதக் குவியல்? தேடித் தேடிப் பார்த்துவிட்டு 2004-ல் அமெரிக்க ஆய்வுக் குழுவே இல்லை என்று அறிக்கை கொடுத்தது. அதற்குள் ஒரு நாடு சிதைந்துவிட்டது. அந்தப் போரில் செத்த இராக்கியப் பொதுமக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

இரண்டாவது, சட்டம் வரும். தாக்குதல் நடந்து 45-வது நாள் 'பேட்ரியாட்' சட்டத்தில் புஷ் கையெழுத்துப் போட்டார். பெயரைக் கவனியுங்கள். தேசபக்தர் சட்டம்! எதிர்த்து ஓட்டுப் போட்டால் நீ யார் என்று பெயரே கேட்டுவிடும். முழுதாகப் படிக்கவே நேரம் தரவில்லை என்று உறுப்பினர்களே புலம்பினார்கள். செனட்டில் 98 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒரே ஒருவர். விஸ்கான்சின் மாநில ரஸ் ஃபெயின்கோல்ட். மூன்று வருஷம் கழித்து அதே மக்கள் அவரை மறுபடி ஜெயிக்க வைத்தார்கள் என்பது தனிக் கதை.

அந்தச் சட்டத்தின் 215-வது பிரிவை வைத்து என்ன செய்தார்கள் என்பது 2013-ல் எட்வர்ட் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களில்தான் தெரிந்தது. கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் யாருக்கு, எப்போது, எவ்வளவு நேரம் போன் பேசினார்கள் என்று மொத்தமாக வாரிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதியின் போன் மட்டுமல்ல. காலேஜ் ஹாஸ்டலிலிருந்து அம்மாவுக்குப் பேசினவன் போனும்தான். சரி, பலன்? அரசாங்கமே அமைத்த கண்காணிப்பு வாரியம் 2014 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. இந்தத் திட்டம் எந்தத் தீவிரவாத விசாரணையின் முடிவையும் மாற்றியதாக ஓர் உதாரணம்கூடக் கிடைக்கவில்லை என்றது. முதலில் இந்தச் சட்டத்தின் பல பிரிவுகளுக்கு 2005 கடைசிவரைதான் ஆயுள். 2006-ல் அவற்றில் பெரும்பாலானவை நிரந்தரமாகிவிட்டன. 215-வது பிரிவோ நீட்டிப்பு மேல் நீட்டிப்பு வாங்கி 2020 மார்ச்சில்தான் காலாவதியானது.

மூன்றாவது, பட்டியல் வரும். 2002-ல் அமெரிக்கா ஒரு சிறப்புப் பதிவுத் திட்டம் கொண்டுவந்தது. 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள், படிக்க வந்தவர்கள் உட்பட, அலுவலகத்துக்கு வந்து கைரேகை, போட்டோ, விசாரணை என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த 25-ல் வடகொரியாவைத் தவிர மற்றவை ஏறக்குறைய எல்லாம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகள். 80,000-க்கும் மேற்பட்டவர்கள் தாங்களாகவே போய் வரிசையில் நின்றார்கள். அதில் 13,000-க்கும் அதிகமானோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை, பெரும்பாலும் விசா கோளாறுகளுக்காக. ஒளிந்திருக்கும் தீவிரவாதி கைரேகை வைக்க வரமாட்டான் என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை. சட்டத்தை மதித்து வந்தவன்தான் மாட்டினான். உங்கள் வயசுப் பையன், கையில் புத்தகப் பை.

"இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், நமக்கென்ன?" என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அதே அலை இங்கேயும் அடித்தது. 2001 அக்டோபரில் பொடா அவசரச் சட்டம். டிசம்பர் 13-ல் நாடாளுமன்றத்தின் மீதே தாக்குதல், அதுவும் நிஜமான ஆபத்துதான். 2002 மார்ச்சில் இரு அவைகளையும் கூட்டாகக் கூட்டி, 425-296 என்று பொடாவை நிறைவேற்றினார்கள். அப்போது ஆளுங்கூட்டணியில் இருந்த கட்சிகளில் ஒன்று ம.தி.மு.க. நான்கே மாதத்தில், ஜூலையில், அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் வைகோவையே பொடாவில் பிடித்து உள்ளே வைத்தது தமிழக அரசு. குற்றம், திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியது. வேலூர் சிறையில் 19 மாதம். அவர் பேச்சை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். ஆனால் பயம் மிகுந்த நேரத்தில் செய்த சட்டம், யார் கையில் போகும், யார் மேல் பாயும் என்று செய்தவர்களுக்கே தெரியாது. பொடாவுக்கு மூன்று வருஷ ஆயுள் என்று முன்பே எழுதியிருந்தார்கள். 2004-ல் அதை ரத்து செய்தார்கள். ஆனால் அதன் பல பிரிவுகள் அதே வருஷம் 'உபா' சட்டத்துக்குள் குடியேறிவிட்டன. உபாவுக்குக் காலாவதித் தேதி கிடையாது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "எச்சரிக்காமல் இருந்து குண்டு வெடித்தால் நீங்களே திட்டுவீர்களே?" ஆமாம், திட்டுவோம். எச்சரிக்கையே வேண்டாம் என்று யார் சொன்னது? 2001 ஆகஸ்ட் 6-ம் தேதியே, பின்லேடன் அமெரிக்காவுக்குள் தாக்கத் துடிக்கிறான் என்று அதிபர் மேஜைக்குக் குறிப்பு போனது. அந்தக் காகிதம் ரகசியமாக இருந்தது. வேண்டியது, வேலைக்கு ஆகிற எச்சரிக்கை. கேள்வி கேட்டால் பதில் சொல்கிற எச்சரிக்கை.

கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. ஸ்பெயின். 2004 மார்ச் 11 காலையில், மாட்ரிட் லோக்கல் ரயில்களில் 10 குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றே நாளில் பொதுத் தேர்தல். பிரதமர் ஆஸ்னாரின் அரசு, இது பாஸ்க் பிரிவினைவாத அமைப்பான ஈட்டாவின் வேலை என்று அடித்துச் சொன்னது. ஐ.நா. பாதுகாப்பு சபையே அன்றைக்கு ஈட்டாவின் பெயரைப் போட்டுக் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. ஏன் அவ்வளவு அவசரம்? ஈட்டா என்றால் அதை ஒடுக்கிய அரசுக்கு ஓட்டு விழும். அல்கொய்தா வகையறா என்றால், மக்கள் விருப்பத்தை மீறி இராக்குக்குப் படை அனுப்பியது ஞாபகம் வரும். ஆனால் அன்றைக்கே ஒரு வேனில் டெட்டனேட்டர்களும் அரபி மொழி கேசட்டும் கிடைத்திருந்தன. விஷயம் கசிந்தது.

13-ம் தேதி செல்போன்களில் ஒரு எஸ்.எம்.எஸ். பறந்தது. ஆளுங்கட்சி அலுவலகத்தின் முன் கூடுவோம், உண்மை தெரிய வேண்டும் என்று. கடைசி வார்த்தை, 'பாசலோ'. ஸ்பானிஷ் மொழியில் 'அடுத்தவருக்கு அனுப்பு' என்று அர்த்தம். ஆயிரக்கணக்கானோர் கூடி, செய்தது யார் என்று கேட்டார்கள். மறுநாள் ஓட்டுச்சாவடியில் கூட்டம். ஜெயிக்கும் என்று கணிப்புகள் சொன்ன ஆளுங்கட்சி தோற்றது. அந்த மக்களுக்கும் பயம் இருந்தது. அடுத்த ரயிலில் அவர்களும்தான் ஏற வேண்டும். பயந்துகொண்டேதான் கேள்வி கேட்டார்கள்.

மறுபடி அமெரிக்காவுக்கு வருவோம். 2009-ல் புதிய அரசாங்கம் ஒரு குழு போட்டு அந்த ஐந்து கலர்களை ஆராய்ந்தது. ஜனங்களுக்கு அதில் நம்பிக்கையே போய்விட்டது என்பதுதான் விடை. 2011 ஏப்ரலில் கலர்கள் போயின. பதிலுக்கு வந்த புதிய முறையில், எச்சரிக்கை விட்டால் என்ன ஆபத்து, எந்தப் பகுதி, மக்கள் என்ன செய்யலாம் என்று முடிந்தவரை சொல்ல வேண்டும். முக்கியமாக, ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் அது முடியும் தேதி போட வேண்டும். அதாவது, பாம்பன் கூண்டு மாதிரி!

அதனால் அடுத்த முறை எந்த அரசாங்கமானாலும், எந்தக் கட்சியானாலும், உங்களுக்குப் பிடித்த தலைவரே ஆனாலும், "ஆபத்து, ஆபத்து" என்றால் அலட்சியம் செய்யாதீர்கள், ஆபத்து நிஜமாகவும் இருக்கலாம். மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். என்ன ஆபத்து, ஆதாரம் என்ன? இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா, இல்லை பயந்துகொண்டு கைதட்டுவது மட்டும்தான் என் வேலையா? இதற்காக இன்று என்னிடமிருந்தோ பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்தோ எடுத்துக்கொள்ளும் உரிமையை எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள்?

மூன்றாவது கேள்விக்குத்தான் சீக்கிரம் பதில் வராது. அதை மட்டும் விடாமல் கேளுங்கள்.